திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டேன்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? பாரிஸில் நான் நலம். தையல் வேலைக்குக் குறைவில்லை.

போன வாரம் ஒரு நாடகத்துக்கு உடை தைத்தேன். எழுதியவர் நம் கான்சோ பக்கத்துக்காரர். அவருடைய நாவல்களுக்குச் சீனாவில் தடை. முப்பது வருடமாக ஊர் திரும்ப முடியவில்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கடிதத்தை நீங்கள் அடுத்த வீட்டிலும் காட்டுவீர்கள்.

நாடகம் பிரெஞ்சில்தான். ஒரு தாய் மகனைக் கூப்பிடும் வரி மட்டும் நம் பேச்சு. நடிகைக்கு அது வாயில் நுழையவில்லை.

"நீ கூப்பிடும்மா," என்றார் எழுத்தாளர் என்னிடம்.

ஒத்திகையில் திரைக்குப் பின்னால் நின்று, நீங்கள் தம்பியைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டேன். "டேய், சோறு ஆறுது, வாடா."

ஒரு சொல்லும் புரியாத நடிகர்கள் அசையாமல் நின்றார்கள். கடைசி வரிசையிலிருந்து, "இதோ வந்துட்டேம்மா," என்று குரல் வந்தது. அவர்தான். எழுபது வயதுக்காரர், எழுந்தே நின்றுவிட்டார்.

விளம்பரத் தாளில் என் பெயரையும் போடலாமா என்று அரங்க மேனேஜர் கேட்டார்.

எழுத்தாளர் மறுத்துவிட்டார். "வேணாம். இவளாவது ஊருக்குத் திரும்பிப் போகணும்."

கடை திறக்க நேரமாகிறது, ஓடுகிறேன். காய்ந்த முள்ளங்கி அனுப்புங்கள், அம்மா. இரண்டு பேருக்குக் காணும்படி அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
ருய்ஃபென்