சம்பந்தி கையால் ஒரு கோபி மஞ்சூரியன்

வாய் நிறைய என்னைக் "கண்ணு" என்று கூப்பிட்ட ருக்மணி அக்காவுக்கு,

நீங்கள் பெற்ற கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது அக்கா. வரும் ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு. நேற்று சமையல் காண்ட்ராக்டர் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஸ்டார்ட்டர் என்னங்க போடறது?" என்று கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். இதையெல்லாம் உங்களிடம் கேட்டே பழகியவள் நான். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

நம் வீட்டு அண்ணனும் தம்பியும் சூலூரில் பம்புசெட் பட்டறை வைத்துக் கொஞ்சம் நிமிர்ந்த சமயம், கோயமுத்தூரில் ஒரு கிளப்பில் சேர்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் பெண்டாட்டி நீங்கள், தம்பி பெண்டாட்டி நான். கிளப் விருந்துகளுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், ஓட்டல் புல்வெளியில் ஓரமாக நிற்போம். சாப்பாட்டுக்கு முன்னால் தட்டுத் தட்டாக ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பல்குத்தும் குச்சியில் அன்னாசித் துண்டு, சீஸ், செர்ரிப்பழம் மூன்றையும் குத்தி நீட்டுவார்கள். அது உங்களுக்கு ஆகவே ஆகாது. "துணி சோப்பைச் சக்கரைத் தண்ணில முக்கின மாதிரி இருக்குது கண்ணு" என்று முந்தானைக்குள் சிரிப்பீர்கள். கோபி மஞ்சூரியன் வந்தால் மட்டும் அந்தப் பரிமாறுகிறவரை நகர விடமாட்டீர்கள். "ஏனுங்க, இந்தப் பக்கம் இன்னொருக்கா வாங்க."

அந்தப் புல்வெளியில்தான் ஒருநாள் கட்லெட் உங்கள் நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. அவசரமாகத் தின்றுவிட்டேன் என்றீர்கள். பிறகு வீட்டில் இட்லியையும் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தீர்கள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், உங்கள் வீட்டுக்காரரையும் என்னையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உணவுக்குழாயில் கேன்சர். வெளியில் அல்சர் என்று சொல்ல முடிவானது. திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் சொல்லு கண்ணு" என்றீர்கள். சொன்னேன். சூலூர் வரும் வரைக்கும் நீங்கள் என் கையை விடவில்லை.

அப்போதுதான் கவிதாவுக்கு கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து அந்த மாப்பிள்ளை இடம் வந்திருந்தது. "கேன்சர்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வரும்னு சொல்லிப்போடுவாங்க. நிச்சயம் முடியற வரைக்கும் யாரும் வாயத் திறக்க வேண்டாம்" என்றார் உங்கள் வீட்டுக்காரர். நீங்களும் சரி என்றீர்கள். கேன்சருக்குக் கரண்டு வைத்துக் கறுத்துப்போன கழுத்தை, நிச்சயதார்த்தத்தன்று அட்டிகையால் மறைத்து மண்டப வாசலில் நின்றீர்கள்.

டவுன்காரர்கள் என்பதால் அன்றைக்கும் ஸ்டார்ட்டர் சுற்றிவந்தது. எல்லோரும் எடுக்க, நீங்கள் மட்டும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். "என்னங்க சம்பந்தி, நீங்க ஒண்ணுமே தொடலீங்களே. என்ற கையால ஒண்ணு வாங்கிக்கோங்க" என்று ஒரு கோபி மஞ்சூரியனை எடுத்து, சிரித்தபடி உங்கள் வாயில் ஊட்டினார். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கி உங்கள் முகத்தில் அடித்தார். நீங்கள் மென்றீர்கள். விளக்கு போகும் வரை சிரித்தீர்கள். அப்புறம் என் தோளைப் பிடித்து அழுத்தினீர்கள்.

கை கழுவும் இடத்தில் கைக்குட்டையில் துப்பினீர்கள். சிவப்பாக இருந்தது. மசாலாவா ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததா அக்கா? பக்கத்துக் குழாயில் மாப்பிள்ளையின் சித்தி நின்றிருந்தார். "உடம்புக்கு என்னங்க?" என்றார். "அல்சருங்க" என்றீர்கள். அந்தம்மா கைக்குட்டையைப் பார்த்தார், உங்கள் கழுத்தைப் பார்த்தார்.

அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. "பையனுக்கு இப்ப நேரம் சரியில்லைங்களாமா." அவர் போனதும் உங்கள் வீட்டுக்காரர் உங்கள் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று, "ஒருநாள் பல்லக் கடிச்சுட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்றார்.

"பல்லக் கடிச்சுட்டுத்தானுங்க இருந்தேன்."

அவர் பட்டறைக்குப் போய்விட்டார். நீங்கள் கவிதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நோயின் பெயரை நீங்களே சொன்னீர்கள். அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அழவே இல்லை அந்தப் பெண். "எனக்குத் தெரியாம ஊரையே கூட்டி நிச்சயம் பண்ணியிருக்கீங்களேம்மா" என்று மட்டும் கேட்டாள்.

கடைசியில் வயிற்றில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றினோம். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன் வாங்கி வரச் சொன்னீர்கள். உங்களால் முடியாதே அக்கா என்றேன். "நீ தின்னு. நான் பாக்கறேன்" என்றீர்கள். பொட்டலத்தைப் பிரித்து உங்கள் முன்னால் உட்கார்ந்து தின்றேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "காரம் போதுமா? வெங்காயத்தாள் போட்டிருக்கானா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். முழுதும் தின்று முடித்த பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினீர்கள். கார்த்திகை பிறந்து சில நாளில் போய்விட்டீர்கள்.

இந்த மாப்பிள்ளை காங்கேயம் பக்கம். பெண் பார்க்க வந்தவரிடம் கவிதா தனியாகப் பேச வேண்டும் என்றாள். "எங்கம்மா கேன்சர்ல எறந்தாங்க. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டாள். "எங்கப்பாவுக்கு ரெண்டு தடவ நெஞ்சு வலி வந்துருச்சுங்க. நீங்களும் தெரிஞ்சுக்கோங்க" என்றாராம் அவர். நல்ல பையன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

காண்ட்ராக்டரிடம் கவிதாவே பேசி முடித்தாள். கோபி மஞ்சூரியன் வேண்டாம் என்றாள், அந்த வாசனை வந்தாலே அவளுக்கு ஆவதில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டதால் அன்னாசியும் சீஸும் உண்டு. உங்களுக்குப் பிடித்தது இல்லாமல், பிடிக்காதது மட்டும் சுற்றிவரும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. அவள் தண்ணீர் குடிக்கும்போதுகூட அவள் தொண்டையைத்தான் பார்க்கிறேன். இது எப்போது என்னை விட்டுப் போகும்?

அவள் பிரசவத்துக்கு என்னிடம்தான் வருவாள். காய்ச்சலோ தலைவலியோ, கூட நான்தான் போவேன். எந்த ஆஸ்பத்திரியானாலும், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டால் எழுந்து போகமாட்டேன். அவளை வைத்துக்கொண்டே சொல்லுங்கள் என்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கொழுந்தனைக் கட்டி வந்து, உங்களுக்குத் தங்கச்சியாகிப்போன,
சுமதி