லேசான சளி

அன்புள்ள சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

சளி, லேசான காய்ச்சல் என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. அந்த 'லேசான' என்பதை நான் துளிகூட நம்பவில்லை. போனில் கேட்டால் ஒண்ணுமில்லக்கா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உன் ஊருக்குத் திரும்புகிற உன் சிநேகிதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை நகரக்கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணிக்கும் அதே காய்ச்சல்தான். அவள் இரண்டு நாள் தும்மிவிட்டு எழுந்து லாண்டரி வேலைக்குப் போய்விட்டாள். அவனோ ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திண்டாடினான். ஒரே வீடு, ஒரே கிருமி, அதெப்படி? என் புத்திதான் உனக்குத் தெரியுமே. அவள் வைத்த சூப்பின் மிச்சத்தை டிபன் பாக்ஸில் அடைத்து, என்னிடம் தைக்க வந்த துணிக்குள் ஒளித்துக் கொண்டுபோய், இதில் என்ன கலந்திருக்கிறது பாருங்கள் என்று டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அண்ணி என் பின்னால்தான் நின்றிருந்தாள்.

டாக்டரம்மா டப்பாவைத் திறக்கவே இல்லை. அவன் ரத்தத்தோடு என் ரத்தத்தையும் எடுத்தார். படுத்திருப்பவன் அவன், எனக்கு எதற்கு ஊசி என்று அவர்மேலும் சந்தேகம் வந்தது.

நேற்றுத்தான் முடிவு வந்தது. கிருமி நுழைந்ததும் உடம்பு கூச்சல் போட்டு ஆள் திரட்ட வேண்டுமாம். அவனுடைய மரபணு ஒன்றில் பிறவியிலேயே சின்ன மாறுதல். கூச்சல் கிளம்புவதற்குள் கிருமி நுரையீரலைப் பிடித்துவிட்டது. எனக்கும் அதே மாறுதல் இருக்கிறது, இதுவரை தப்பித்தது அதிர்ஷ்டம் என்றார். கூடப்பிறந்த உனக்கும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பயமில்லையாம். இந்தத் தடவை அவரை நம்புகிறேன்.

அந்த டப்பாவுக்குப் பிறகு அண்ணி என்னிடம் பேசுவதில்லை. பேசுவாளா? நேற்று மட்டும் வாய் திறந்தாள்: "சின்னவர மொதல்ல டாக்டர்ட்ட போகச் சொல்லுங்க. என்னை அப்புறம் சந்தேகப்படலாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்தக் காகிதத்தையே டாக்டரிடம் காட்டு. அக்காவுக்குக் கிறுக்கு என்று சிரித்துக்கொண்டாவது போ. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் இப்போது கேட்காதே. நீ குணமாகி வா, நானும் அண்ணியும் சேர்ந்து சொல்கிறோம்.

நீயாவது நூறு வயசு இருக்க வேண்டும், என் கண்ணே.

உன் அக்கா