கன்னிச்சாமி அத்தை

அன்புள்ள மாரிக்கண்ணனுக்கு, அம்மா எழுதுவது. நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை, ஆனால் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், மஸ்கட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிய வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் அங்கே திரும்புகிற, வீரசோழன் ஊர் காதர் மைதீனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். இங்கே மழை ஏமாற்றிவிட்டது, விதைத்த மல்லி பாதிதான் முளைத்திருக்கிறது.

தங்கச்சி காளீஸ்வரிக்குக் காய்ச்சல் என்று சொன்னது பொய். காலாண்டுப் பரீட்சை முடிந்த வாரம் அவள் உயிரை விடப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டாள், மதுரையில் வைத்தியம் பார்க்கிறோம். மூளையில் செரோடோனின் என்று ஒன்று இருக்கிறதாம், மனசு தாழ்ந்து போகாமல் தாங்குவதிலும், ஒரு வேகத்தில் எதையாவது செய்துவிடாமல் நிறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டாம், இந்த வயசில் அது சீர்கெட்டால் பிள்ளைகளால் தாங்க முடிவதில்லையாம். அது ஒன்றே காரணமில்லை, ஆனால் சாமி குத்தமும் இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். பிறகு, உங்கள் குடும்பத்தில் யாராவது இப்படி இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். எங்க வீட்டுல அப்பிடி யாரும் சாகலைங்க என்று அப்பா உடனே சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயம். உன் ஆவுடைத்தாய் அத்தை பதினேழு வயசில் தானே உயிரை விட்டவள், ஆனால் இந்த வீட்டில் அவள் செத்தவள் இல்லை, கல்யாணமாகாமல் போய்த் தெய்வமான கன்னிச்சாமி. மாசியில் அவளுக்குப் புதுப் பாவாடை தாவணி ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறோம், எப்படிப் போனாள் என்று மட்டும் யாரும் பேசக் கூடாது. போன மாசியில் அந்தத் துணியை மடித்து வைத்தவள் காளீஸ்வரி, இது எனக்கும் சரியா இருக்கும்மா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை விட மாட்டேன் என்கிறது.

நான் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரத்த வழியாக வரலாம், வந்தே தீரும் என்பதில்லை என்றார்கள். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் கண் பார்வையிலேயே வைத்திருக்கச் சொன்னதால் அவளை விட்டு நகர்வதில்லை. சாமிய ஆஸ்பத்திரில கொண்டு போயி எழுத வச்சிட்டியே என்று அப்பா சொன்னார், அதற்குப் பிறகு என் முகம் பார்ப்பதில்லை.

ஆவுடைத்தாய் உனக்கும் அத்தைதான். அங்கே போன புதிதில், நல்லாருக்கேம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைப்பாயே, அது வேலைக் களைப்புத்தானா ராசா? என்னிடம் சொல். மனசு அப்படிப் போனால் அங்கேயும் டாக்டர் இருப்பார், உடனே போ, வெட்கப்படாதே.

நீயும் தங்கச்சியும் நரை காணும்வரை வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகம் தெரிகிற மாதிரி வீடியோவில் கூப்பிடு. கும்பிட இன்னொரு சாமி எனக்கு வேண்டாம்.

உன் அம்மா,
ரேணுகாதேவி