புஷ்பவள்ளி வீடு இதுதான்

லாயாங் லாயாங்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் லோஷினிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, டப்ளின் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு மனசுதான் சரியில்லையம்மா. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சம்பளச் சீட்டு இல்லை என்று பேங்கில் அம்மாவுக்குக் கைவிரித்தபோது, நீதானே அங்கிருந்தபடியே போனில், சின்னத் தொழிலுக்குக் கடன் திரட்டும் ஒரு பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு, முகம் தெரியாத நாற்பது பேர் ஆளுக்குக் கொஞ்சம் கடன் கொடுக்க, பெரிய கிரைண்டருக்கு வழி செய்தாய். இப்போது நம் இட்லி மாவு சிம்பாங் ரெங்கம் டவுன் வரை போகிறது. தோட்டத்தில் வேலை போன கருப்பாயி நம் வீட்டில்தான் சம்பளம் வாங்குகிறாள். போன மாதம் தன் காசில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, மாவுப் பாக்கெட்டுல உள்ள எழுத்தெல்லாம் தெரியுதுலா என்று ஒரே சிரிப்பு. எனக்குத்தான் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் பெண்டாட்டியே தன் படத்தைக் காட்டி ஊரார் காசு வாங்குகிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று, கேட்டவர்களிடமெல்லாம் அது என் ஓய்வுப் பணத்தில் வாங்கிய கிரைண்டர் என்று அளந்துவிட்டேன்.

போன ஞாயிறு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஷர்மினி என்று ஒரு பெண், சிங்கப்பூரில் நர்ஸாம், அந்த நாற்பது பேரில் ஒருத்தி. கையில் ஆரஞ்சுப் பழப் பை. அங்கிள், புஷ்பவள்ளி அக்கா வீடு இதானே, சும்மா பாத்துட்டு மாவு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் என்றாள். அந்த நேரம் பார்த்து நம் கோயில் செயலாளர் ராஜசேகரன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களை நோக்கி நடந்து வருகிறார். என் பொய் வெளியாகிவிடுமே என்ற அவசரத்தில், புஷ்பவள்ளின்னு இங்க யாரும் இல்லம்மா, வீடு மாறி வந்துட்டீங்க என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். பின்கட்டில் கிரைண்டர் சத்தம் நின்றது. அம்மா மாவுக் கையோடு இரண்டு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் முச்சந்தி வரை ஓடினாள். கார் போய்விட்டது. திரும்பி வந்து, முப்பத்தோரு வருசமா இந்தா, ஏய், லோஷினி அம்மான்னுதான் கூப்பிட்டீங்க, என் பேரை உங்க வாயால இன்னைக்குத்தான் கேக்குறேன், அதுவும் இல்லன்னு சொல்றதுக்கா என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கிரைண்டர் ஓடவில்லை. கருப்பாயி தினமும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அம்மா சோறு போடுகிறாள், பேசுவதில்லை, திட்டினாலாவது தேவலை. நேற்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ராஜசேகரன், அலமாக், அட கடவுளே, இதுக்கா தலைவரே, என் வீட்டுக்காரியும் அதுலதானே கடன் வாங்கித் தையல் மிஷின் போட்டா என்றார். யாருக்குப் பயந்து அவளை இல்லையென்று சொன்னேன், சொல்.

இன்று காலை வாசல் கேட்டில் பலகை எழுதி அடித்தேன், புஷ்பவள்ளி வீடு இதுதான் என்று. அம்மா வந்து பார்த்து, கோணலா இருக்கு என்றாள். ஒரு வாரத்தில் அதுதான் முதல் பேச்சு. சரி புஷ்பவள்ளி என்று சுத்தியலை எடுத்தேன். அவள் இன்னும் கிரைண்டரைப் போடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, முருகன் உன்னைக் கைவிட மாட்டான். மறக்காமல் ஷர்மினிக்கு அந்தக் கடன் பக்கத்திலேயே எழுது. பொய் சொன்னது என் அப்பாதான் என்று மறைக்காமல் எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
புஷ்பவள்ளியின் வீட்டுக்காரன்,
அர்ச்சுனன்