கிட்டார் இல்லாத கை

பிள்ளை,

உன் அந்தியேட்டி அன்று, முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த நினைவு மலர் என் வேனின் முன் இருக்கையில் கிடக்கிறது. நீ உட்காரும் இருக்கை. பின்னால் வழக்கம்போல் நான் கடைகளுக்குப் போடும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மணக்கின்றன. மலரின் அட்டையில் நீ. பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் பெரிய பொட்டு. இடது கை மட்டும் தோளுக்குப் பக்கத்தில் தூக்கியபடி, விரல்கள் மடங்கியபடி, அந்தரத்தில் நிற்கிறது.

அந்தக் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். படம் எடுத்தவன் நான். அதைப் பார்த்த வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளன் ஒருவன் தன் கமராவை மூடி வைத்துவிட்டுப் போனான். அந்தப் படத்தில் உனக்குக் கட்டம் போட்ட சட்டை, அகலத் தொப்பி, நெஞ்சோடு அணைத்த கிட்டார். உன் அப்பா ஸ்டூடியோக்காரனைப் பிடித்துத் தொப்பியை அழித்தார், சட்டையை அழித்தார், கிட்டாரையும் அழித்தார். கையை அழிக்க மறந்துவிட்டார்கள். யாரோ உன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு ஓடிய மாதிரி இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித்தர எதுவும் இல்லாமல் போய்விட்டது. பிறகு ஜெர்மனி, பாரிஸ், லண்டன் என்று எல்லாம் நானே படித்தேன். ஆனால் நீ பாடிய கன்ட்ரி மியூசிக் என்னவென்று உன்னிடம்தான் கேட்டேன். "அமெரிக்காவில தோட்டக்காரரும் லொறிக்காரரும் தங்கட கவலையைப் பாடுறது மாமா. நான் எங்கட பிளேஸ்டோத் தெருக் கவலையைப் பாடுறன்," என்றாய்.

விம்பிள்டன் பக்கம் ஒரு பப்பில் உன் முதல் மேடை. இடுப்பளவு பனியில் இந்த வேனை ஓட்டிக்கொண்டு போனேன். உன் அம்மா, என் அக்கா, விடியற்காலைத் துப்புரவு ஷிப்டுக்காக பஸ் ஸ்டொப்பில் நனைந்துகொண்டு நிற்பதை நீ இங்கிலீசில் பாடினாய். பப் முழுக்க அழுதது. இதை நான் ஊரெல்லாம் சொல்ல, நீ பக்கத்தில் நின்று திருத்துவாய்.

"மாமா, அண்டைக்கு மழை. அதுவும் தூறல்."

"சரி, மழை எண்டு வையன். சனம் அழுதது உண்மைதானே?"

"ஒரு ஆள் மூக்குச் சீறினவர். தடிமனாக்கும்."

பிறகு சொல்வாய்: "பாட்டுக்கு நடந்தது காணும் மாமா, அதுவே போதும். கூட்டினா பாட்டுச் செத்துப்போம்."

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. கிட்டாரோடு வாசலில் நின்ற உன்னைச் செயலாளர் மறித்தார். "தங்கச்சி, இது எங்கட பண்பாட்டு நிகழ்ச்சி. உந்தப் பெட்டியை வெளியில வைச்சிட்டு ஒரு தேவாரம் பாடுமன்." நீ கிட்டாரோடு வேனுக்குத் திரும்பி வந்தாய். உன் அப்பா ஊராரிடம் நீ கணக்காளராக வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் இசைத்தட்டு வந்தது, ரேடியோவில் போனது, இங்கிலாந்தின் வடக்கு நகரங்களில் பப் பப்பாகப் பாடினாய், அமெரிக்காவில் ஒரு சின்ன மேடையும் கிடைத்தது. உன் அப்பா ஒன்றுக்கும் வரவில்லை. நான் கத்தரிக்காய்ப் பெட்டியோடு உன் இசைத்தட்டையும் கடை கடையாகக் கொடுத்தேன். லண்டனில் அது இல்லாத தமிழ்க் கடை இல்லை.

நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் உன் விரல்கள் வீங்கி, கம்பியை அழுத்த ஏலாமல் போனபோது நீ என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். "நான் ஆர் எண்டு கேட்டா, பாட்டுக்காரி எண்டு சொல்லுங்கோ மாமா. வேற ஒண்டும் கூட்டாதேங்கோ."

அந்தியேட்டியில் அதே செயலாளர் மைக்கைப் பிடித்து, அமரர் சிறுவயது முதல் தேவாரத்தில் ஊறியவர் என்று உருகினார். உன்னை வாசலில் மறித்த வாய். அடுத்தது என் முறை. உன் அப்பா என் காதுக்குள் சொன்னார்: "தேவாரக் கதையோட நிப்பாட்டும். கிட்டார் கதை வேண்டாம். கதை அளக்கிறது உமக்குப் புதுசே?"

வாழ்க்கை முழுக்கக் கேட்காமலே அள்ளிக் கொடுத்தவன் நான். முதல் முறையாக ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார், ஒரு பொய்யும் வரவில்லை.

"இவள் பாட்டுக்காரி. தானே பாட்டெழுதி, கிட்டார் அடிச்சு, பப்புகளில பாடினவள். பஸ் ஸ்டொப்பில நிண்ட தாயைப் பாடினவள். அட்டையில உள்ள கையைப் பாருங்கோ. அதில கிட்டார் இருந்தது," என்றேன்.

"காணும், இறங்கும்," என்று உன் அப்பா மைக்கை வாங்கிக்கொண்டார்.

அது கூடப் பரவாயில்லை. சாப்பாட்டுப் பந்தியில் நான் சாமான் போடும் கடைக்காரர் ஒருவர் வடையைக் கடித்தபடி என் தோளில் தட்டினார். "வெள்ளைக்காரற்ற பப்பில எங்கட பிள்ளை பாடினதோ? அண்ணை, செத்தவீட்டிலயும் உங்கட புளுகை விடமாட்டியள் என்ன?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கடையிலும் உன் இசைத்தட்டு கிடக்கிறது, உறை பிரிக்காமல். தேவாரக் கதையை நம்பினார்கள் பிள்ளை. நான் கூட்டாமல் சொன்ன ஒரே கதையை ஒருவரும் நம்பவில்லை. அக்கா மட்டும் சாப்பிடாமல் மலரை மடியில் வைத்து, அட்டையிலிருந்த அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எடுத்த படத்தை, தொப்பியும் கிட்டாருமாக, வேன் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன். சாமான் இறக்கும்போது யாராவது, "ஆர் அண்ணை இது?" என்று கேட்பார்கள். "என்ர மருமகள். பாட்டுக்காரி," என்பேன். அதற்குமேல் சொல்ல நாக்குத் துடிக்கும். அரண்மனையில் பாடியவள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும் எனக்கு? சொல்வதில்லை. நடந்தது காணும்.

ஆனால் விம்பிள்டனுக்கு நாம் போன அந்த நாளில் மட்டும் இன்னும் இடுப்பளவு பனிதான். அதை விடமாட்டேன். திருத்துவதென்றால் நீ வா.