மூன்றாம் மூட்டை ஈயம்

உன் மனைவி கொடுத்த பொட்டலத்தை இன்று காலையில்தான் பிரித்தேன். தங்கச்சிமடத்தில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து கிளம்பும்போது, "இத ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாக அண்ணே" என்று நீட்டினார். பத்து நாளாகப் பையிலேயே கிடந்தது. பிரிக்க மனம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் வெறும் அலுப்பு. உள்ளே விரல் நீளத்தில் ஓர் ஈயக்குண்டு, வலையின் அடியில் கோப்பது. அதில் நூலால் கட்டிய சிறிய அட்டை. அட்டையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைத் தேடினேன். பிரபஞ்சத்தில் இருக்கும் பொருளில் பெரும்பங்கு அதுதான் என்கிறோம், ஒரு துகளைக்கூட இன்னும் கையில் பிடித்தபாடில்லை. சாயல்குடியில் என் அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பாள், "என்னடா, அது ஆப்ட்டுச்சா?" என்று. இந்த வருடம் அவளும் கேட்கவில்லை.

நாம் ஒரே குழுவில் இருந்து, அந்தத் துகளைப் பிடிக்கும் கருவியைச் சுரங்கத்துக்குள் வைத்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். வெளிக் கதிர்வீச்சு உள்ளே வராமல் சுற்றிலும் ஈயம் அடுக்க வேண்டும். புது ஈயத்திலேயே கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும்; பல காலம் கிடந்த ஈயத்தில்தான் அது அடங்கியிருக்கும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நீதான் சிரித்தாய். "பழைய ஈயமா? எங்க வீட்டுல மூட்ட மூட்டயாக் கெடக்கு மாப்ள. எங்க பூட்டன் காலத்துக் குண்டு." மூன்று மூட்டைகளை ரயிலில் நீயே கொண்டுவந்தாய். மீன் பிடிக்கவா போகிறீர்கள் என்று பரிசோதகர் கேட்டதற்கு, "ஆமா சார், ரொம்பச் சின்ன மீனு" என்றாயாம். அந்த ஈயத்தை அளந்து பார்த்துச் சான்று சொல்லும் வேலை என்னுடையது.

நான்கு வருடம் கழித்துத் தரவில், தேடிய துகளின் தடம் மாதிரி ஒரு மேடு தெரிந்தது. சின்னதுதான், ஆனாலும் இருந்தது. அன்று நான் அழுதேன், உனக்குத் தெரியும். ஒரே வாரத்தில் கட்டுரையை எழுதி முடித்தேன். நீ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ரெண்டு மாசம் பொறு மாப்ள. ஈயத்த ஒருவாட்டி பாத்துருவோம்."

"ஒங்க வீட்டுக் குண்டுக்காக நாலு வருசத்தத் தூக்கி எறியச் சொல்றியாலே?" என்று கத்தினேன்.

பத்து நாள் கழித்து ஊருக்குப் போனாய். உன் அய்யாவிடம் கேட்டாய். வலை கிழிந்தால் குண்டுகளை உருக்கி மறுபடி வார்ப்பது உங்கள் கரையின் வழக்கம். அவர் சொன்னதை நீ அப்படியே வந்து சொன்னாய்: "கொறஞ்சா கடையில வாங்கிச் சேத்து ஊத்துறதுதானலே, இதுல என்ன இருக்கு?" மூன்றாம் மூட்டை அப்படி வார்த்தது. அதை எடுத்துவிட்டு வேறு ஈயம் வைத்தோம். மேடு போய்விட்டது.

தவறு எங்கே என்று விசாரிக்கக் குழு கூடியது. அந்தக் கூட்டத்தில் நீ எழுந்து, "ஈயம் எங்க வீட்டுது. தப்பும் எங்க வீட்டுதுதான்" என்றாய். அளந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு உன்னை எந்தப் பெரிய வேலைக்கும் கூப்பிடவில்லை. இரண்டு வருடத்தில் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனாய். நான் குழுத் தலைவன் ஆனேன். நீ போன் செய்யும்போதெல்லாம் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னேன். பாதி நாள் பொய்.

இப்போது அட்டை. "மூட்டை 3 – அளந்தது" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு மூட்டையை அளக்க ஒரு வாரம் ஆகும். முதல் இரண்டும் சுத்தமாக இருந்தன, மூன்றாவதும் அதே வீட்டு ஈயம்தானே என்று அளக்காமலே அட்டையைக் கட்டிவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அட்டையைத் திருப்பினேன். பின்புறம் உன் கையெழுத்து. நாம் சண்டை போட்டு எட்டாம் நாள் தேதி. "அளந்தேன். புது ஈயம்."

ஊருக்குப் போகுமுன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்றபோது இந்த அட்டை உன் பையில் இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் தொலைந்திருப்பேன். நீ என்னைக் காப்பாற்றினாயா, நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? நீ செய்த போன்களெல்லாம் இதற்குத்தானா? கேட்க இனி ஆள் இல்லை.

வழியனுப்பு விழாவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைத்திருந்த உரையைக் கிழித்துவிட்டேன். அட்டையில் "அளந்தது" என்பதை அடித்து, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன். அன்று அதைத்தான் வாசிக்கப்போகிறேன். குண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. சின்னதுதான், ஆனாலும் சட்டை ஒரு பக்கமாக இழுக்கிறது.