பூட்டிய கதவில் மூன்று தட்டு

மேயராகிவிட்ட என் தம்பிக்கு,

நாடக அரங்கின் கதவில் நேற்று நீ போட்ட பூட்டைப் பார்த்தேன். நல்ல கனமான பூட்டு. பக்கத்தில் "கூரை பழுது" என்று ஓர் அறிவிப்பு. பாரிஸில் இருபது வருடம் நாடகம் எழுதி இயக்கியவள் நான். இதைவிட நல்ல பொய்யெல்லாம் கேட்டிருக்கிறேன். அப்பா உனக்கு விட்டுப்போன தோல் ஆலை நம் ஆற்றில் எதைக் கலக்கிறது என்று நாடகம் எழுதினேன். அதுதான் உன் கூரையில் ஒழுகுகிறது.

அரங்கின் வாசல் படிக்கட்டிலேயே நாடகத்தைப் போட்டோம். சனங்கள் வீட்டு நாற்காலிகளோடு வந்தார்கள். முதல் ஆள் அம்மா.

"மழை வரும்போல இருக்கும்மா, வீட்டுக்குப் போ," என்றேன்.

"வரட்டுமே. உன் தம்பி கதவத்தான பூட்டினான், வானத்தையா பூட்டிட்டான்?"

மேடைப் பலகையில் கோலால் மூன்று முறை தட்டினால்தான் நம் ஊர் சனம் பேச்சை நிறுத்தும். நேற்று பலகை இல்லை. உன் கதவில் தட்டினேன். தெருவே அடங்கிவிட்டது.

சின்ன வயதில் நம் வீட்டுப் பரணில் நாடகம் போடும்போது துடைப்பக் கட்டையால் தட்டுவது உன் வேலை. வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டாய்.

எதிரே நகராட்சியில் உன் அறை விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். உனக்கும் கேட்டிருக்கும்.

இன்று மாலையும் தட்டுவேன். அம்மா உனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவருகிறாளாம். வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுவதாக நினைத்துவிடாதே. நாங்கள் தொடங்கப்போகிறோம், நீ பேச்சை நிறுத்து என்று தட்டுகிறேன்.

உன் அக்கா